குந்த முடியாத பிள்ளைகள்

1964ஆம் ஆண்டு, எலும்பு மூட்டு அறுவை மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. ஆறே பக்கம். எழுதியவர் டி. ஆர். கன் என்ற எலும்பு மருத்துவர். தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி இறுகிப்போவது ஏன், அதற்கும் முழங்கால் சில்லு அடிக்கடி இடம் விலகுவதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் கட்டுரையின் பொருள். எலும்பு மருத்துவர்கள் தவிர வேறு யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ஆறு பக்கங்களுக்குள் போருக்குப் பிந்தைய சிங்கப்பூரின் வாழ்க்கை நிறையவே அடங்கியிருந்தது. பிள்ளைகள் எப்படி உட்கார்ந்தார்கள், காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்ற இரண்டு கேள்விகளும் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன.

நோயின் போக்கு விசித்திரமானது. பிள்ளை தவழும், நடக்கும், ஓடவும் செய்யும். வலி என்று அழாது. காலில் வீக்கமோ காய்ச்சலோ இருக்காது. வயது ஏற ஏறத்தான் முழங்கால் மடங்க மறுக்கும். சில பிள்ளைகளுக்குப் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிடும். வேறு சிலருக்கு முழுதும் மடங்கும், ஆனால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் முழங்கால் சில்லு தன் பள்ளத்தைவிட்டு வெளிப்பக்கமாகச் சரிந்து போகும். காலை நீட்டினால் தானே பழைய இடத்துக்கு வந்துவிடும். மருத்துவர் அந்தச் சில்லை விரலால் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் முழங்கால் மடங்காது. பிடியை விட்டால் மடங்கும், சில்லும் விலகும். தொடையின் வெளிப்புறத்தில் தோல் ஓரிடத்தில் குழிந்திருக்கும். காலை மடக்க மடக்க அந்தக் குழி ஆழமாகும்.

பெற்றோர் மருத்துவமனைக்கு வந்தது இந்தக் குழியைப் பார்த்து அல்ல. பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலக் குந்தவில்லை, சம்மணம் போடவில்லை என்பதால்தான்.

ஊர் உட்கார்ந்த விதம்

நாற்காலியில் உட்கார முழங்கால் 90 பாகை மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். பாதம் முழுதும் தரையில் படியக் குந்துவதற்கோ 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். நாற்காலியும் மேசையும் உயரக் கழிப்பறையும் உள்ள ஐரோப்பிய வீட்டில், 100 பாகையோடு நின்றுவிடும் ஒரு முழங்கால் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகலாம். சிங்கப்பூரில் அது முடியாது.

1950களின் சிங்கப்பூர் தரையோடு வாழ்ந்த ஊர். கடைவீடுகளின் பின்கட்டிலும் கம்பத்து வீடுகளின் கொல்லையிலும் வாளிக் கக்கூஸ்தான். அந்த வாளிகளை எடுக்கும் சேவை 1987இல்தான் முற்றிலும் நின்றது. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஆரம்பகால அடுக்குமாடி வீடுகளிலும் குந்தும் கழிப்பறைகளே இருந்தன. சீன வியாபாரிகள் ஐந்தடிப் பாதையில் குந்தியபடி காய் நறுக்கினார்கள், பாத்திரம் கழுவினார்கள். மலாய் வீடுகளில் பாய் விரித்துக் காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு மண்டியிட வேண்டும். சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மன் கோயில் மண்டபத்திலோ தேக்காவைச் சுற்றியிருந்த வீடுகளிலோ இலை போட்டால் சம்மணம்தான். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் நாளைக்குப் பத்துத் தடவையாவது முழங்காலை அதன் எல்லைவரை மடக்கினார்கள். மடங்காத முழங்கால் வீட்டிலேயே பிடிபட்டுவிட்டது. எக்ஸ்ரே காட்டாத நோயைக் காட்டிக் கொடுத்தது அந்தப் பழக்கம் என்று சொன்னால் அதிகமில்லை; இது எலும்பில் உள்ள நோய் இல்லை என்பதால் ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதுவரை நிரம்பியிருந்த படுக்கைகள்

அப்போது சிங்கப்பூரில் எலும்பு மருத்துவம் என்றால் வேறு நோய்களே முதலில் நினைவுக்கு வந்தன. முதல் நோய், எலும்புக் காசநோய்.

1907இல் டபிள்யூ. ஜே. சிம்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி அரசுக்கு அளித்த அறிக்கை, கடைவீடுகளின் மாடியில் சன்னலே இல்லாமல் தடுக்கப்பட்ட அறைகளையும் அங்கே பெருகிய காசநோயையும் எடுத்துக் காட்டியது. அந்த நோய் நுரையீரலோடு நிற்காது. பிள்ளைகளின் முதுகெலும்பில் இறங்கினால் முள்ளெலும்புகளை அரித்துக் கூன் விழச் செய்யும். தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழந்துபோகும். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இதை விரிவாக எழுதியதால் உலகம் இன்றும் அவர் பெயராலேயே இந்த நோயை அழைக்கிறது.

பேராயர் ஃபெர்குசன் டேவியின் மனைவியான மருத்துவர் சார்லட் ஃபெர்குசன் டேவி, 1913இல் பென்கூலன் ஸ்திரீட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனை, 1939இல் சிக்லாப்பில் எலும்பு நோயுள்ள பிள்ளைகளுக்கென்றே தனி மருத்துவமனையைத் திறந்தது. கடற்காற்று வீசும் இடம். சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் அகுஸ்த் ரோலியே 1903 முதல் வெயிலையும் காற்றையும் மருந்தாக்கிப் பெயர் பெற்றிருந்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத காலம் அது. பிள்ளைகளை மாவுக்கட்டில் கிடத்தி, மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பதே சிகிச்சை.

1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952இல் ஐசோனியசிட். அதன் பிறகு கேள்வி மாறியது. மருந்து இருக்கும்போது படுக்கையும் மாவுக்கட்டும் எதற்கு? ஹாங்காங்கில் ஏ. ஆர். ஹாட்சன் முன்பக்கமாகத் திறந்து நோயுற்ற முள்ளெலும்பை அகற்றி வேறு எலும்பு வைத்துப் பொருத்தும் அறுவை முறையை 1956இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் தென்கொரியா, ஹாங்காங், ரொடீசியா ஆகிய இடங்களில் பல சிகிச்சைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சென்னையிலும் 1970களில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளி நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மருந்து எடுத்தால் பெரும்பாலோருக்கு அறுவைக்கு நிகரான பலன் கிடைக்கிறது என்பதை அது பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து காட்டியது. அதே சென்னையில் எஸ். ராஜசேகரனும் டி. கே. சண்முகசுந்தரமும் 1987இல் இன்னொன்றைச் செய்தார்கள். தொடக்கத்தில் முள்ளெலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று அளந்தால், கடைசியில் கூன் எத்தனை பாகையில் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். சண்முகசுந்தரத்தின் பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இரண்டாவது நோய், இளம்பிள்ளை வாதம். 1958இல் சிங்கப்பூரில் முதல் வகைப் போலியோ கிருமி பரவியது. ஆல்பர்ட் சேபினின் வாய்வழிச் சொட்டு மருந்து அப்போது எங்கும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. சிங்கப்பூர் துணிந்து இரண்டாம் வகைக் கிருமியிலிருந்து செய்த சொட்டு மருந்தை ஏறக்குறைய இரண்டு லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. வகை வேறாக இருந்தாலும், தீங்கற்ற கிருமி குடலில் முதலில் இடம் பிடித்துக்கொண்டால் தீய கிருமி உள்ளே நுழைய இடமிருக்காது என்பது கணக்கு. 1959இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை வெளியிட்ட ஐவரில் இருவர் எம். தொரைசிங்கம், கே. கனகரத்தினம். கனகரத்தினம் பிற்பாடு சிங்கப்பூர் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் தலைவரானார்.

அந்த மருந்து சொட்டாக இருந்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. போலியோ பரவும் நேரத்தில் பிள்ளையின் கையிலோ காலிலோ ஊசி குத்தினால், கிருமி உடலில் இருக்கும் பட்சத்தில் குத்திய அதே உறுப்பு செயலிழக்கும் ஆபத்து கூடும் என்பதை 1950ஐ ஒட்டி பிரிட்டனில் கண்டறிந்திருந்தார்கள். புதுச்சேரி ஜிப்மரின் எஸ். மகாதேவனும் பிரிட்டிஷ் ஆய்வாளர் எச். வி. வயட்டும் 1992இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: சாதாரணக் காய்ச்சலுக்குத் தேவையின்றிப் போட்ட ஊசிகள் இந்தியப் பிள்ளைகளின் வாதத்தைக் கூட்டியிருக்கின்றன.

ஊசி பிடித்த காலம்

கன் எதிர்கொண்ட புதிரும் ஊசியில்தான் போய் முடிந்தது.

தொடைத் தசை இறுகும் நோயைப் பற்றி 1961இல் பிராக் நகரத்து மருத்துவர் நெவ்கோவ்ஸ்கி பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதியிருந்தார். ஆழத்தில் எலும்பை ஒட்டியிருக்கும் தசைக் கற்றை படிப்படியாக நாராக மாறுகிறது என்றார். ஏன் மாறுகிறது என்பது விளங்கவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் உருவொத்த இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் இது வந்ததாக ஒரு செய்தி வந்தது. இரட்டையருக்கு ஒரே நோய் என்றால் பிறவிக் குறை அல்லது பரம்பரை என்று நினைப்பது இயல்பு. ஆனால் இரட்டைப் பிள்ளைகள் பலர் மாதம் நிறையாமல், எடை குறைந்து பிறப்பவர்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் முதல் வாரங்களில் ஊசி அதிகம்.

சிங்கப்பூரில் கன் பிள்ளைகளின் பழைய வரலாற்றைத் தோண்டினார். கைக்குழந்தையாக இருந்தபோது கடும் நோய், மருத்துவமனை வாசம், தொடையில் ஊசி அல்லது தொடைத் தோலுக்கடியில் ஏற்றிய உப்புநீர் என்று விடை வந்தது. கன்னின் கட்டுரை முடிந்த அடுத்த பக்கத்திலேயே லண்டனின் லாயிட் ராபர்ட்சும் தாமசும் எழுதிய கட்டுரை தொடங்கியது. அவர்களும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் வெகு தூரத்தில் இருந்த இரண்டு ஊர்களின் மருத்துவர்கள் ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே குற்றவாளியைச் சுட்டினார்கள்.

அந்தக் காலத்துச் சிகிச்சையை நினைத்துப் பார்த்தால் இது வியப்பில்லை. பென்சிலின் பொதுமக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியபோது சில மணி நேரத்துக்கு ஒருமுறை குத்தியாக வேண்டும். மெதுவாகக் கரையும் வகைகள் பின்னால்தான் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் மாதக்கணக்கில் போட வேண்டிய ஊசி. வாந்தி பேதியில் வற்றிப்போன குழந்தையின் நரம்பைப் பிடித்து மருந்து ஏற்றும் நுணுக்கம் எல்லா இடத்திலும் இல்லை. சதைப்பற்றுள்ள தொடைதான் எளிது. உயிர் போகிற நேரத்தில் குத்திய ஊசிக்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகள் பிழைத்ததே அந்த ஊசியால்தான்.

அவசரம் இல்லாத நேரத்திலும் ஊசி இறங்கியது. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பும் டாக்டரைவிட ஊசி போடும் டாக்டருக்கு மதிப்பு அதிகம் என்பது தமிழர் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மதிப்பு ஓர் இனத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதாகவும் இருக்கவில்லை.

ஊரில் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. தேக்காவுக்கு எதிரே புக்கிட் தீமா ரோட்டில் 1924இல் மகப்பேறு மருத்துவமனையான கண்டாங் கெர்பாவ், 1966இல் ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 40,000 பிரசவங்களைக் கண்டது. ஒரே மருத்துவமனையில் உலகிலேயே அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பல ஆண்டுகள் பதிந்து வைத்திருந்தது. நாளுக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் பிறந்த நகரத்தில், அரிய நோய்கூட ஒரு மருத்துவரின் வாழ்நாளில் பலமுறை கண்ணில் படும் அளவுக்கு வந்தது.

தசைக்குள் நடந்தது

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைக் கற்றைகள் சேர்ந்து முழங்கால் சில்லில் போய் முடிகின்றன. எரிச்சலூட்டும் மருந்து ஓரிடத்தில் அளவுக்கு மீறித் தேங்கினால் அங்குள்ள தசை நார்கள் அழுத்தத்தாலும் மருந்தின் காரத்தாலும் இறக்கின்றன. இறந்த இடத்தைத் தசை மறுபடி நிரப்பாது. தழும்புத் திசு நிரப்பும். தழும்பு நீளாது.

வளர்ந்த ஆளுக்கு இது பெரிய தொல்லை இல்லை. குழந்தைக்கோ தொடையெலும்பு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது; அந்த வளர்ச்சியில் ஏறக்குறைய 70 விழுக்காடு முழங்கால் பக்கத்து முனையில்தான் நடக்கிறது. பிள்ளை வளர்ந்தும் மாற்றாமல் விட்ட அரைஞாண் கயிறு போல, எலும்பு நீள நீளத் தழும்பு இறுகுகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் குத்திய ஊசியின் விளைவு பல ஆண்டுகள் கழித்து, பிள்ளை குந்தப் பார்க்கும்போது வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே. ஊசியை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஒரே நோய் ஏன் ஒரு பிள்ளைக்கு விறைத்த முழங்காலாகவும் இன்னொரு பிள்ளைக்கு விலகும் சில்லாகவும் வருகிறது? சிங்கப்பூரின் கமல் போஸும் கே. சி. சோங்கும் 1976இல் அதே பிரிட்டிஷ் இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். எந்தக் கற்றை சுருங்கியது என்பதைப் பொறுத்தது அது. ஆழத்திலுள்ள நடுக்கற்றை இறுகினால் சில்லு நேர்மேலாக இழுபடும், முழங்கால் மடங்காது. வெளிப்பக்கக் கற்றையும் தொடையின் வெளிப்புறத்தில் இடுப்பிலிருந்து இறங்கும் பட்டையும் இறுகினால், மடக்கும்போது சில்லு வெளியே இழுபடும். எத்தனை கடுமையாக இறுகியது என்பதையும் பொறுத்து, சிறு வயதிலேயே ஒவ்வொரு மடக்கலுக்கும் விலகும் சில்லும் உண்டு, வளர்ந்த பின் எப்போதாவது விலகும் சில்லும் உண்டு.

போஸ் சில்லை விடவில்லை. அதை உள்பக்கமாகப் பிடித்து நிறுத்தும் சிறு தசைப் பகுதியைப் பற்றி 1980இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். அதில் அவரோடு சேர்ந்தவர் ஆர். கனகசுந்தரம். யாழ்ப்பாணத்துக்காரர், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர். உடலைப் பகுத்துப் படிக்கும் முறை பற்றி அவர் சகாக்களோடு எழுதிய பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு பல மருத்துவ மாணவர்கள் உடற்கூறு ஆய்வறைக்குள் போனார்கள். முழங்காலுக்கு மேலே உள்பக்கத்தில் தொட்டால் புடைத்துத் தெரியும் அந்தச் சிறு தசையை இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் பலப்படுத்தச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் எலும்பு மருத்துவத்தைக் கட்டியெழுப்பிய அடுத்த வரிசையிலும் வி. கே. பிள்ளை, பி. பாலசுப்பிரமணியம், என். பாலச்சந்திரன் போன்ற பெயர்கள் இருக்கின்றன.

சென்னையிலும் யாமானாஷியிலும்

தொடை மட்டும்தானா? இல்லை. ஊசி எங்கெல்லாம் குத்தப்பட்டதோ அங்கெல்லாம் தழும்பு வந்தது.

தோளில் குத்திய பிள்ளைகளுக்குக் கை உடம்போடு ஒட்டாது. சற்றே விரிந்தபடி நிற்கும். வலுக்கட்டாயமாகக் கையை இறக்கினால் முதுகில் தோள்பட்டை எலும்பு இறக்கை போல மேலெழும். கல்கத்தாவிலிருந்து பட்டாச்சார்யா 1966இல் இப்படி மூவரைப் பற்றி எழுதினார். புட்டத்தில் குத்தியவர்களுக்கு இடுப்பு இறுகியது. அவர்கள் குந்தினால் முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்காது. தவளையைப் போல இரண்டு பக்கமும் அகல விரிந்துவிடும். காலை ஒட்டி வைத்துக் குந்தவே முடியாது.

சென்னையில் டி. கே. சண்முகசுந்தரம் இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். ஊசிக்குப் பின் தசை நாராவது தனித்தனி நோய்கள் இல்லை, ஒரே நோயின் வேறு வேறு முகங்கள் என்று 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அவரே பார்த்த 169 நோயாளிகள் இருந்தார்கள். ஒரே மருத்துவர் அத்தனை பேரைப் பார்த்திருக்கிறார் என்றால், அது அரிய நோயா, கவனிக்கப்படாத நோயா என்ற சந்தேகம் எழாமல் இருக்காது.

ஜப்பானில் அது சந்தேகமாக இல்லாமல் வழக்காகவே மாறியது. 1973இல் யாமானாஷி மாவட்டத்தின் ஒரு சிறு ஊரைச் சுற்றி நூற்றுக்கும் மேலான பிள்ளைகள் முழங்காலை மடக்க முடியாமல் இருப்பது செய்தியானது. தேடத் தேட நாடு முழுக்கப் பிள்ளைகள் வெளிப்பட்டார்கள்; எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. பெற்றோர் சங்கம் அமைத்து மருத்துவர்கள் மீதும் மருந்து நிறுவனங்கள் மீதும் அரசின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். அங்கும் நோயைக் காட்டிக் கொடுத்தது தரையில் மண்டியிட்டு உட்காரும் பழக்கம்தான். சளி, காய்ச்சல் போன்றவற்றுக்குத் தசையில் ஊசி போடுவதை அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் அதன் பிறகு வெகுவாகக் குறைத்தார்கள்.

அறுத்து விடுவித்தல்

தழும்பை மருந்தால் கரைக்க வழியில்லை. மென்மையாக நீவினாலும் பயிற்சி செய்தாலும் லேசான இறுக்கம் மட்டுமே இளகும். மற்றவர்களுக்கு அறுவைதான்.

எங்கே அறுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. முழங்காலுக்கு மேலே தசைநாணை ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி, ஒய் வடிவில் தைத்து நீட்டுவது பழைய முறை. முழங்கால் மடங்கும், ஆனால் அதன் விலையாகக் காலை முழுதும் நீட்டும் பலம் குறையும். மலேசியாவிலிருந்து எஸ். சென்குப்தா 1985இல் வெளியிட்ட முறையில், தொடையின் மேற்பகுதியில், இடுப்பை ஒட்டித் தசை தொடங்கும் இடத்திலேயே தளர்த்துவார்கள். சில்லின் பக்கத்தைத் தொடாததால் நீட்டும் பலம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். சில்லு விலகும் பிள்ளைகளுக்கு வெளிப்பக்கத்தை விடுவித்து, உள்பக்கத்தை இழுத்துத் தைத்துச் சில்லைப் பள்ளத்துக்குள் நிறுத்த வேண்டும்.

தாமதமாக வந்தால் வேலை கடினம். பள்ளத்தில் அமராத சில்லு தட்டையாகிவிடும். சில்லு அழுத்தாத பள்ளம் ஆழமாக வளராது. சில பிள்ளைகளின் முழங்கால் பின்பக்கமாகவே வளையத் தொடங்கும். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் மடக்கிப் பழக வேண்டும். விட்டால் புதுத் தழும்பு பழைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மறைந்த விதம்

இந்த நோய் சிங்கப்பூரில் அருகிப்போனதற்கு அறுவை மேசையில் கிடைத்த வெற்றி காரணமில்லை. வாயால் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்தன. குழந்தையின் மெல்லிய நரம்பில் சிறு குழாய் செருகி மருந்தேற்றும் முறை வழக்கமானது. தொடைத் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றுவது வழக்கொழிந்தது. எலும்புக் காசநோய் அருகியதற்கும் மருந்தோடு வீடும் காற்றோட்டமும் சேர்ந்தன. போலியோவுக்கோ தடுப்பு மருந்தே போதுமானதாக இருந்தது. சிங்கப்பூரை உள்ளடக்கிய மேற்குப் பசிபிக் வட்டாரம் 2000இல் போலியோ ஒழிந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. சிக்லாப்பில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்த காலத்தை ஒரு தலைமுறையே அறியாமல் வளர்ந்துவிட்டது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றும் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடையின் முன்வெளிப்புறத்தில்தான் போடப்படுகிறது. அந்த வயதில் அதுவே பாதுகாப்பான இடம். அரை மில்லிலிட்டர் தடுப்பு மருந்து, வாரங்கள் இடைவெளிவிட்டு, சில தடவை. கன் பார்த்த பிள்ளைகளின் தொடையில் இறங்கியது வேறு: எரிச்சலூட்டும் மருந்து, பெரிய அளவில், திரும்பத் திரும்ப. இந்த நோயின் கதையைக் கேட்டு யாரும் தடுப்பூசிக்குப் பின்வாங்கினால் அது இளம்பிள்ளை வாதம் இருந்த காலத்துக்கே திரும்பிப் போவதாகும்.

கன் குந்தும் பழக்கத்தை மறக்கவில்லை. 1974இல் ஓர் எலும்பு மருத்துவ இதழில் அவர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பின் தலைப்பே உட்காராதீர்கள், குந்துங்கள் என்பதுதான். ஆசியர்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்வு குறைவாகக் காணப்படுவதற்கும் குந்துவதற்கும் தொடர்பு இருக்குமோ என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பெய்ஜிங் முதியவர்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வோ, இளமையில் நெடுநேரம் குந்தியவர்களுக்கு முழங்கால் தேய்வு கூடுதல் என்று காட்டியது. இடுப்புக்கு நல்லது முழங்காலுக்கும் நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதற்கிடையே சிங்கப்பூர் நாற்காலிக்கு மாறிவிட்டது. வீவக வீடுகளில் உயரக் கழிப்பறை வந்தது. சாப்பாட்டு மேசை வந்தது. பள்ளியில் தரையில் உட்காரும் நேரம் குறைந்தது. இன்று ஒரு பிள்ளையின் முழங்கால் 110 பாகையோடு நின்றால் அதை முதலில் கவனிப்பது தாயாக இருக்காது; சிலம்பம் அல்லது பரதம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராக இருக்கலாம். அப்படி வரும் பிள்ளையை மருத்துவர் குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலைப் புட்டத்தை நோக்கி மடக்கிப் பார்க்கிறார். இறுகிய தொடையாக இருந்தால் கால் மடங்குவதற்குப் பதிலாக இடுப்பு மேசையைவிட்டு எழும்பும். தொடையின் வெளிப்புறத் தோலில் குழி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். அதன் பிறகு தாயிடம், பிள்ளை பிறந்த முதல் மாதங்களில் எங்கே, எதற்காக மருத்துவமனையில் இருந்தது, தொடையில் ஊசி போட்டார்களா என்று கேட்கிறார். 1964இல் கன் கேட்டதும் அதே கேள்விதான். குடும்பம் எந்த நாட்டிலிருந்து குடிவந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பது மட்டும் புதிது. காய்ச்சலுக்கு உடனே ஊசி என்ற வழக்கம் இன்னும் விட்டுப்போகாத ஊர்கள் பல உண்டு.